சம்பந்தி முன்னால் கேட்கக் கூடாத கேள்வி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. முப்பது வருடம் அவசரப் பிரிவில் குப்பை கொட்டியவளுக்குக் கோபம் வராவிட்டால், அவளைத்தான் கட்டிலில் படுக்கவைத்து என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும்.

நெடுமரத்துப்பட்டி வட்டார மருத்துவமனையில் நான் பகல் நேர டாக்டர். பெயர் வடிவாம்பாள். டாக்டர் என்று பலகையில்தான் இருக்கிறது. நான் செய்கிற வேலை, ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு பச்சைப் பொத்தானை அழுத்துவது. நோயைக் கண்டுபிடிப்பது, மருந்தை முடிவு செய்வது எல்லாம் தாசில்தார்.

தாசில்தார் மனிதர் இல்லை. அரசு எல்லா மருத்துவமனைகளிலும் வைத்திருக்கிற நோயறி இயந்திரம். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மூன்று தடவை கேட்டு, உறுதிமொழி வாங்கி, எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும் என்பதால் நாங்கள் தாசில்தார் என்போம். குரல் மட்டும் செய்தி வாசிக்கிற பெண்மணியின் குரல். தமிழ் என்றால் அப்படி ஒரு தமிழ், கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு தொற்று வந்து ஊரைப் புரட்டிப் போட்டதல்லவா, அதற்குப் பிறகுதான் தொடாச் சட்டம் வந்தது. மருத்துவமனைக்குள் ஒருவர் தோல் இன்னொருவர் தோலில் படக் கூடாது. ஊசி போட, ரத்தம் எடுக்க, கட்டுக் கட்ட, எல்லாவற்றுக்கும் கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கைகள். அவற்றுக்கு நண்டு என்று பெயர் வைத்தது எங்கள் நர்ஸ் ஜெசிந்தா. டாக்டர் நோயாளியைத் தொட்டால் மருத்துவப் பதிவே ரத்து. பதினாறு வருடமாக நான் ஒரு நாடி பிடித்ததில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. நல்ல முகூர்த்த நாள். முகூர்த்த நாள் என்றாலே எங்களுக்கு வயிற்றுக்கோளாறு கூட்டம் வரும் என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வேன் வந்து நின்றது.

தள்ளுகட்டிலில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை. ஒரு பக்கம் மனைவி பஞ்சவர்ணம். இன்னொரு பக்கம் காதுவரைக்கும் மீசை வைத்த ஒரு ஆள், கையில் திறந்த சோடா பாட்டிலோடு. இவர் இருளப்பன், நோயாளியின் சம்பந்தி, பெண்ணைக் கொடுத்தவர். பஞ்சர் கடையில் ஆரம்பித்து டயர் கடை வரை வந்தவர். மூன்று நாள் முன்பு கல்யாணம், அந்த ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து.

"ஐயா, தங்கள் பெயர்?" என்றது தாசில்தார்.

"சோணைமுத்து." மூச்சு வாங்கியது. "ரிட்டையர்டு டிக்கெட் செக்கரு. முப்பத்தாறு வருச சர்வீசுல... ஒரு பொய் சொன்னதில்ல. சொன்னவன விட்டதும் இல்ல."

"தங்கள் நலப்பட்டை எங்கே?"

"தாம்பாளத்துல."

"தாம்பாளம் என்பது எந்த உடலுறுப்பு?"

நலப்பட்டை எல்லோர் மணிக்கட்டிலும் இருப்பதுதான். நாடி, மூச்சு, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் அது குறித்துவைக்கும். ஒரே ஒரு தொந்தரவு, இரண்டாவது தடவை கறி வாங்கினால் "போதும், போதும்" என்று கத்தும். பந்தியில் முந்நூறு பேர் கையிலிருந்தும் அப்படிக் கத்தினால் விருந்து கொடுப்பவருக்கு என்ன மரியாதை? அதனால் எங்கள் பக்கத்து மண்டபங்களில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே இப்போது ஒரு பெரிய தாம்பாளம் வைக்கிறார்கள். விருந்தாளிகள் பட்டையைக் கழற்றி அதில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்காருவார்கள். போகும்போது மறந்துவிட்டுப் போவார்கள்.

பட்டை இல்லாத நோயாளி என்றால், அவர் வாயால் சொல்வதுதான் தாசில்தாருக்கு வேதவாக்கு. கூட வந்தவர்கள் சொல்வதை அது காதில் போட்டுக்கொள்ளாது. கூட வந்தவர்கள் பேசிப் பேசி அதைப் பைத்தியமாக்கியதால், அப்படி ஒரு விதியை எழுதிவிட்டார்கள்.

"வலி எப்போது தொடங்கியது?"

"மூணு மணி... சாப்ட்டு முடிச்ச பொறகு. நெஞ்சுல, முதுகுல, கத்திய எறக்குன மாதிரி..."

"தங்களுக்கு வாந்தி ஏற்பட்டதா?"

சோணைமுத்து சட்டென்று ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தார். நான் கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் என் மரமண்டையில் ஏறவில்லை.

"வாந்தியா? எனக்கா? எங்க சம்பந்தி வீட்டு விருந்தச் சாப்ட்டவனுக்கு வாந்தி வருமா? என்ன கேள்வி கேக்குது இது!"

அந்த வலியிலும் இதைச் சொல்ல அவருக்கு மூச்சு இருந்தது. இருளப்பனின் மீசை ஒரு அங்குலம் மேலே போனது.

"ஆம் அல்லது இல்லை எனக் கூறவும்."

"இல்ல."

"உறுதிப்படுத்தவும்."

"இல்லங்கறேன்ல! இல்ல!"

"நன்றி. மூன்று முறை மறுக்கப்பட்டது." தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்படிச் செருமுவதற்கும் ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். "மாரடைப்பு. நிகழ்தகவு தொண்ணூற்று நான்கு விழுக்காடு. இரத்த உறைவைக் கரைக்கும் மருந்து பன்னிரண்டு நிமிடத்தில் செலுத்தப்படும். மருத்துவர் ஒப்புதல் அளிக்கவும்."

இதய வரைபடம் கொஞ்சம் கோணல்தான். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை, ஆனால் மாரடைப்பிலும் முதல் சில மணி நேரத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். அறுபத்தொரு வயது, நெஞ்சுவலி, வியர்வை. என் விரல் பாதி தூரம் போய்விட்டது. மறைப்பானேன், வேறு நாளாக இருந்தால் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அழுத்தவிடாமல் செய்தது இருளப்பன். "சம்பந்தி, இன்னும் ஒரு மடக்கு குடிங்க. ஒரு ஏப்பம் வந்துச்சுன்னா எல்லாஞ் சரியாயிரும்" என்று சோடாவை அவர் வாயில் வைத்துவிட்டார். ஒரு வாய் உள்ளே போனதுதான் தாமதம், சோணைமுத்து "அய்யோ அம்மா" என்று கட்டிலே ஆட அலறினார்.

நான் ஒலிபெருக்கியில் கத்தினேன். "யோவ், அந்தப் பாட்டிலைக் கீழ போடுய்யா! வாய் வழியா பச்சத் தண்ணி கூடக் குடுக்கக் கூடாது!"

"வேன்லயும் ரெண்டு மடக்கு குடுத்தோம் டாக்டரம்மா" என்றாள் பஞ்சவர்ணம். "குடிச்சதும்தான் வலி கூடிப்போச்சு. இவுக கொரலே மாறிப்போச்சு. மூக்கால பேசுறாக."

இதயத்தில் கோளாறு என்றால் விழுங்கும்போது ஏன் உயிர் போகிற மாதிரி வலிக்க வேண்டும்? விரலை எடுத்துக்கொண்டேன். ஆனால் தாசில்தாரிடம் "எனக்கு என்னமோ மாதிரி இருக்கிறது" என்று மனு கொடுக்க முடியாது. கடிகாரம் ஒன்பது நிமிடத்துக்கு வந்திருந்தது.

அப்போதுதான் அபாய மணி அடித்தது. "தொடுகை! தொடுகை! மூன்றாம் படுக்கையில் சட்டமீறல்!"

பஞ்சவர்ணம் இடுப்பில் செருகியிருந்த தைலப் புட்டியை எடுத்து, கணவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சிலும் கழுத்திலும் அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி, கால்வலி, மாரடைப்பு, எதுவாக இருந்தாலும் முதலில் தைலம். தாசில்தார் கத்தக் கத்த அவள் பாட்டுக்குத் தேய்த்தாள். மேலிருந்து இறங்கிய நண்டை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள்.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். "என்னம்மா பண்ற நீ? இது ஆஸ்பத்திரியா, உங்க வீட்டுக் கூடமா? கைய எடு!"

அவள் கையை எடுக்கவில்லை. என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"ஏம்மா, இவுக கழுத்துல என்னமோ நறநறங்குது. அமுக்குனா, தோலுக்குள்ள அப்பளம் நொறுங்குற மாதிரி இருக்கு."

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் எங்கள் வாத்தியார் வகுப்பில் சொன்னது, தோலுக்கடியில் காற்று நுழைந்திருந்தால் பனிக்கட்டியை மிதித்த மாதிரி நெரியும் என்று. நாங்கள் பனிக்கட்டியை எங்கே மிதித்தோம்? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. அப்பளம் என்று அந்த மனுஷன் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

கையுறையைக் கழற்றினேன்.

"டாக்டர், வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. அவளுக்கும் என் வயதுதான். பதிவு போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். "காமிரா இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும்" என்று சோணைமுத்துவின் கழுத்தில் விரலை வைத்தேன்.

சூடாக இருந்தது. வியர்வையும் தைலமும் பிசுபிசுத்தன. ஒரு மனிதக் கழுத்து எவ்வளவு சூடாக இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன், அது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. மெல்ல அழுத்தினேன். எலும்புக்கு மேலே, தோலுக்குக் கீழே, நறநற. இடது பக்கம் இன்னும் அதிகமாக. சந்தேகமே இல்லை.

"தாசில்தார், ஊசியை நிறுத்து. இது மாரடைப்பு இல்ல. உணவுக்குழாய் கிழிஞ்சிருக்கு. காத்து கழுத்துவரைக்கும் ஏறியிருக்கு."

"சான்று?"

"என் விரல்."

"விரல் அங்கீகரிக்கப்பட்ட உணரி அன்று."

"ஸ்கேன் எடு, தெரியும்."

"மாரடைப்பு நோயாளிக்கு ஸ்கேன் தேவையற்ற தாமதம். உணவுக்குழாய் தானாகக் கிழிதல், நிகழ்தகவு நான்கு விழுக்காடு. அதற்குக் கடும் வாந்தி முன்நிகழ வேண்டும். நோயாளி வாந்தியை மும்முறை மறுத்துள்ளார். அவர் ஆம் எனக் கூறினால் நிகழ்தகவு எண்பத்தொன்று. ஸ்கேன் அனுமதிக்கப்படும். ஐந்து நிமிடம் நிறுத்திவைக்கிறேன். அதன் பின் மருந்து தானாகச் செலுத்தப்படும்."

அந்த மருந்து உள்ளே போனால் ரத்தம் உறையாது. கிழிந்த குழாயைச் சுற்றி ரத்தம் கொட்டும், எந்தச் சர்ஜனும் கத்தி வைக்க முடியாது. ஆள் காலி. ஒரு "ஆம்" சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சோணைமுத்துவின் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, வாந்தி எடுத்தீங்களா?"

"இல்ல."

"எடுத்தாக டாக்டரம்மா!" என்று பஞ்சவர்ணம் வெடித்தாள். "நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். நாலாவது தடவ கறி வச்சப்பவே இவுகளுக்குக் கொமட்டிருச்சு. பந்தியில மூத்தவக எலய மூடுனா எல்லாரும் பாதியில எந்திரிச்சாகணும். இவுகதான் மூத்தவக. துண்ட வாயில வச்சு அமுக்கி அமுக்கி முழுங்குனாக. கை கழுவுன பொறகு மண்டபத்துக்குப் பின்னாடி போயி..."

"உடன் வந்தவர் கூற்று ஏற்கப்படாது" என்றது தாசில்தார்.

"அடி இவளே, வாய மூடு" என்றார் சோணைமுத்து மூக்கால்.

இருளப்பனின் முகம் இப்போது சுருங்கிவிட்டது. நான் அவரிடம் "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன்.

"எங்க சம்பந்திய இந்த நெலமையில விட்டுட்டு நான் வெளிய போறதா? நல்லாச் சொன்னீக. என்னம்மா ஆச்சு அவருக்கு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

நான்கு நிமிடம் இருந்தது. கோபத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு அந்த டயர்க்கடைக்காரருக்கு விளக்கினேன். "வாந்தி வர்றப்ப வயிறு கீழருந்து முழு வேகத்துல தள்ளும். அப்ப வாய மூடி அடக்குனா அந்த அழுத்தம் எங்க போகும்? உணவுக்குழாய்க்குள்ளயே முட்டும். கீழ்ப்பக்கம் இடது ஓரத்துல அது கொஞ்சம் மெலிசு. அங்க பிச்சுக்கும். சாப்பாடும் சோடாவும் நெஞ்சுக்குள்ள இறங்கும், காத்து மேல ஏறும்."

"ட்யூபு வெடிச்சுப்போச்சு."

"ஆமா."

"ட்யூபுல ஓட்ட இருக்கையில நான் சோடாவ ஊத்தி ஊத்திக் காத்தடிச்சிருக்கேன்." அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "ஒட்டுனா சரியாயிருமா?"

"சீக்கிரம் ஒட்டணும். இன்னைக்குள்ள தச்சா பொழச்சுக்குவாரு. நாள் கடந்தா உள்ள சீழ் பிடிச்சுரும். ஆனா அவரு வாந்தி எடுத்தேன்னு சொன்னாத்தான் இந்தப் பெட்டி அசையும். உங்க முன்னாடி சொல்ல மாட்டேங்குறாரு."

"சொல்லுங்க சம்பந்தி" என்று இருளப்பன் குனிந்தார். "கறி நல்லால்லன்னே சொல்லுங்க. எனக்கென்ன வந்துச்சு?"

"கறி அமிர்தம் சம்பந்தி" என்றார் சோணைமுத்து. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "அத நான் கக்குனேன்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா, நாளைக்கு உங்க மக எங்க வீட்டுல எப்படித் தல நிமுந்து நடக்கும்? செத்தாலும் மருவாதையோட சாவறேன். விடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு அறை விட்டால் தேவலை என்றிருந்தது. ஏற்கெனவே தொட்டாகிவிட்டது, அறைந்தால் மட்டும் என்ன கூடுதல் தண்டனை என்றுகூட யோசித்தேன். இரண்டு நிமிடம். கூரையிலிருந்து ஊசியோடு நண்டு இறங்க ஆரம்பித்தது.

இருளப்பன் நிமிர்ந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சம்பந்தி, ஒரு உண்மையச் சொல்லிடறேன். சமையக்காரன் கொழுப்ப அள்ளிக் கொட்டிட்டான். எலும்புச் சாறு ரெண்டு கிளாசு குடிச்சேன், ஒரு தட்டுக் கறி தின்னேன். குடலே வெளிய வர்ற மாதிரி ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். நீங்க போனீகளே, அதே மண்டபத்துக்குப் பின்னாடிதான். நீங்க வந்துட்டுப் போன தடம் எனக்குத் தெரியும். உங்க பக்கத்துலயே மண்ணள்ளிப் போட்டேன்."

சோணைமுத்து வலியை மறந்து அவரைப் பார்த்தார். "நெசமாவா?"

"இந்த மீச மேல சத்தியமா."

"நீங்களுமா எடுத்தீக?"

"ரெண்டு தடவ!"

சோணைமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் மூணு தடவ சம்பந்தி" என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஆமாம்மா பொட்டி. எடுத்தேன். ஆமா. ஆமா. ஆமா."

ஊசி அவர் தோளுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

தாசில்தார் உடனே பேசவில்லை. ஏதோ சொல்ல வந்த மாதிரி ஒரு செருமல், பிறகு மௌனம். அதன் மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம், "ஸ்கேன் அனுமதிக்கப்பட்டது" என்றது.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. படத்தில் தெரிகிற சாயத்தை ஒரே ஒரு மடக்கு குடிக்க வைத்துப் பார்த்தபோது, அது நேராக வயிற்றுக்குப் போகாமல் இடது பக்கம் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் பரவியது. வாய்வழி எல்லாம் நிறுத்தம். நரம்பில் கிருமிக்கொல்லி மருந்து, இடது நெஞ்சில் ஒரு குழாய். அதில் வந்த திரவத்தின் நிறத்தைச் சொன்னால் நீங்கள் இந்த வாரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட மாட்டீர்கள். நாலே முக்காலுக்கு அவரைப் பறக்கும் ஆம்புலன்சில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். ஆறு மணிக்குள் அறுவை சிகிச்சை மேசையில் படுக்கவைத்துவிட்டார்கள்.

முடிந்ததும் சர்ஜன் காஜா மைதீன் திரையில் வந்தார். "மேடம், ரெண்டு விரக்கடை கிழிசல். தச்சாச்சு. உள்ள கழுவுறப்ப ஒரு முழு மிளகு கிடைச்சுது. ஆறு மணி நேரம் கழிச்சு அனுப்பிருந்தீங்கன்னா எனக்கு வேல இருந்திருக்காது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அப்பளத்தை வச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் சோணைமுத்து எதையும் விழுங்கவில்லை. வயிற்றுக்குக் கீழே சிறுகுடலில் போட்ட ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தையல் ஆறிவிட்டது என்று உறுதியானதும், மீதிக் கவனிப்புக்கு எங்களிடம் திருப்பி அனுப்பினார்கள். முதல் கஞ்சியை இருளப்பன்தான் கொண்டுவந்தார். ஒரு கரண்டி ஊற்றியவர் "இன்னும் ஒரு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய மீசையைக் காணோம். மேலுதடு வெளுத்து, ஆளே பாதியாகத் தெரிந்தார்.

"என்னங்க, மீசை என்ன ஆச்சு?"

"நேத்திக்கடன் டாக்டரம்மா. சம்பந்தி பொழச்சு வந்தா எடுக்கறதா வேண்டிக்கிட்டேன்." கஞ்சிச் சட்டியைக் கிண்டிக்கொண்டே சொன்னார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

சோணைமுத்துவுக்கு வேறு கவலை. "டாக்டரம்மா, ஊருல கேட்டா இந்த வியாதிக்குப் பேரு என்னன்னு சொல்றது? வாந்தி எடுத்ததுன்னு சொல்ல முடியாதுல்ல."

"முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, வெளிநாட்டுல ஒரு கடற்படைத் தளபதி விருந்துல வாத்துக்கறியா வெட்டிட்டு இதே மாதிரி ஆகி இறந்துபோனாரு. அவரை அறுத்துப் பாத்துதான் இப்படி ஒரு வியாதி இருக்குன்னே ஊருக்குத் தெரிஞ்சுது."

"தளபதிக்கு வந்த வியாதியா!" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கதை சுபம். என் கதை அப்படி இல்லை. மாவட்ட விசாரணைக் குழுவிலிருந்து ஓலை வந்தது. தொடுகை அபாய மணி அடித்திருக்கிறது, டாக்டர் நோயாளியைத் தொட்டாரா, இயந்திரப் பதிவைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று. நான் பொய் சொல்வதாக இல்லை. மேசையைக் காலி செய்து என் டம்ளரையும் குடையையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஜெசிந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

குழுவின் தலைவர் திரையில் தோன்றி, தாசில்தாரிடம் பதிவைக் கேட்டார்.

"நோயாளியின் துணைவியார் தைலம் தேய்த்தார். கழுத்தில் ஒலி எழுவதாக அவரே தெரிவித்தார். மருத்துவர் நோயாளியைத் தொடவில்லை" என்றது தாசில்தார்.

"காமிரா காட்சி?"

"தைல ஆவியினால் மங்கிவிட்டது."

தலைவர் இரண்டு மூன்று தடவை எதையோ தட்டிப் பார்த்தார். தைலம் காமிரா வில்லையை மங்கவைக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எங்கள் வீட்டுக் கண்ணாடியையே மங்கவைக்கும் என்றார் அவர். கோப்பு மூடப்பட்டது.

திரை அணைந்த பிறகு நான் அந்தப் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். பதினாறு வருடமாக அதைத் திட்டியிருக்கிறேன், ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ஏன் பொய் சொன்ன?"

"டாக்டர், அன்று பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, திரு. இருளப்பன் தாம் இருமுறை வாந்தி எடுத்ததாகக் கூறினார். விருந்து அளிப்பவர் கடைசிப் பந்தி முடியும்வரை உண்பதில்லை. ஆகவே அவர் நலப்பட்டையைக் கழற்றவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது. காலை ஆறு மணிக்குக் குடித்த ஒரு தேநீர் தவிர அவர் வயிற்றில் அன்று முழுதும் எதுவும் இல்லை. வாந்தியும் இல்லை."

எனக்கு அந்த வெளுத்த மேலுதடு கண்ணில் வந்தது. பொய்ச் சத்தியம் பண்ணிய மீசையை வைத்துக்கொண்டு நடமாட மனுஷனுக்கு மனசு வரவில்லை. நேர்த்திக்கடனாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, கண்ணைத் துடைத்தால் விரலில் இன்னும் தைலம் மணப்பது போல இருந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"கூற முற்பட்டேன். ஆனால் நோயாளி அப்போது உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். குறுக்கிடவில்லை. அதன் பின் பல நாள் அதை ஆராய்ந்தேன். கூற்று தவறு. விளைவு சரி. புதிய விதியாகச் சேர்த்துக்கொண்டேன்."

"என்ன விதி?"

"சில கேள்விகளைச் சம்பந்தி முன்னால் கேட்கக் கூடாது. சில விடைகளைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லக் கூடாது."

அன்று அந்தப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தேன். இயந்திரத்தைத் தொடத் தடை இல்லை. பையிலிருந்த டம்ளரை எடுத்து மறுபடி மேசையில் வைத்தேன். ஜெசிந்தா டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை. வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன், நண்டு ரத்தம் எடுத்தது, ஏதேதோ ஒளி மேலும் கீழும் ஓடியது. ஒவ்வொரு வருடமும் தாசில்தார் என்னைக் கொஞ்சமும் இரக்கமில்லாமல் கிழிக்கும். கொழுப்பு கூடியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது, இடது கண்ணில் புரை ஆரம்பம் என்று பட்டியல் போடும். நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு எழுந்து போவேன்.

இந்தத் தடவை ஒரு சின்னச் செருமல். அப்புறம் மௌனம். மூன்றாம் படுக்கையில் அன்று கேட்ட அதே மௌனம்.

"அனைத்தும் நலமாக உள்ளன, டாக்டர். கவலை வேண்டாம்" என்றது.

பதினாறு வருடத்தில் அது யாரிடமும் கவலை வேண்டாம் என்று சொன்னதில்லை.

"எல்லாமே நல்லா இருக்கா?"

"அனைத்தும் நலம்."

"சத்தியமா?"

சத்தியம் பண்ண அதற்கு மீசை இல்லை.

எழுந்துபோய் ஜெசிந்தாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

"அந்தப் பஞ்சவர்ணம் விட்டுட்டுப் போன தைலப் புட்டி எங்க?"

"அலமாரியில இருக்கு டாக்டர். ஏன், தல வலிக்குதா?"

"எடுத்துட்டு வா. காமிராவுக்கு முன்னாடி நல்லாத் திறந்து வை." நான் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். "கையுறையக் கழட்டிட்டு கழுத்துலருந்து ஆரம்பி. ஒரு இடம் விடாம தொட்டுப் பாரு. என்ன தட்டுப்பட்டாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

அவள் என்னையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கை மறந்திருக்குமோ என்னமோ" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளங்கையில் தைலத்தைச் சாய்த்து, சூடு வரத் தேய்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.